உழைக்கும் காலுக்கு ஒரு காப்பு

மகாகவி இரவீந்திரநாத தாகூர் 'ஜூதா ஆவிஷ்கார்' என்றொரு கவிதை இயற்றியிருக்கிறார். காலணியைக் கண்டுபிடித்த கதை என்பது அத்தலைப்பின் பொருள். 1900ஆம் ஆண்டில் வெளிவந்த 'கல்பனா' என்னும் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. தரையில் அடி வைத்தவுடன் காலில் புழுதி ஒட்டுகிறதே என்று ஓர் அரசனுக்குக் கவலை பிறக்கிறது. பண்டிதர்கள் கூடி ஆலோசிக்கிறார்கள். நாடு முழுவதும் துடைப்பத்தால் பெருக்கப்படுகிறது. புழுதி வானத்தை மூடுகிறது. தண்ணீரைக் கொட்டுகிறார்கள், ஊரெல்லாம் சேறாகிறது. பூமி முழுவதையும் தோலால் போர்த்திவிடலாம் என்னும் யோசனையும் எழுகிறது. அப்போது தோல் தொழில் செய்யும் முதியவர் ஒருவர் முன்வந்து, பூமியை மூடவேண்டுவதில்லை, அரசரின் இரண்டு பாதங்களை மூடினால் போதும் என்கிறார். காரியம் எளிதாக முடிகிறது. உடனே அமைச்சர், இந்த எண்ணம் தம் மனத்திலும் முன்பே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்.

இது வெறும் நகைச்சுவைக் கதையன்று. காலணியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அணிந்தவர் பெயர் ஏடுகளில் நிற்கிறது. தைத்தவர் பெயர் நிற்பதில்லை. அரசரும் தளபதியும் அணிந்தது நமக்குத் தெரிகிறது. அவர்கள் குதிரைக்குப் புல் சுமந்தவன் என்ன அணிந்தான் என்பது தெரிவதில்லை. ஆகையால் நாம் இங்கே ஆராயப் புகுவது அரசரின் காலணியை அன்று. உழைப்பவன் அணியும் குதி தாழ்ந்த பூட்ஸையே எடுத்துக்கொள்வோம். 'கௌபாய்' என்று திரைப்படங்களில் நாம் காணும் அமெரிக்க மாட்டு மந்தை வீரர்களின் பூட்ஸிலிருந்து பிறந்த ஒரு வகை அது. அதன் கதை பாரசீகத்தில் தொடங்குகிறது. ஆனால் அதன் உட்பொருளை, நாம் குடியேறி வாழும் இந்தக் கொல்கத்தா நகரைப் போல விளக்கிக் காட்டும் ஊர் வேறொன்று இருப்பது அரிது.

தமிழருக்குக் காலணி புதியதன்று. 'தொடுதோல்' என்பது செருப்புக்குரிய பழஞ்சொல். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வழிநடந்து செல்லும் வணிகரின் காலணியை, அடியை மறைத்துக் காக்கும் அரண் என்று பொருள்படும் பெயரால் குறிக்கிறது. ஆயினும் வெப்பம் மிகுந்த நம் நாட்டில் கால் முழுவதையும் மூடும் பாதரட்சை பெருவழக்காக வேரூன்றவில்லை. இவ்வேறுபாட்டைத் தெய்வ வடிவங்களிலேயே காணலாம். கொல்கத்தாவில் 1814இல் தோன்றிய இந்திய மியூசியத்துக்குச் செல்லும் அன்பர்கள், பாலர் காலத்துச் சூரியன் சிலைகளின் கால்களைக் கூர்ந்து நோக்குவார்களாக. வடநாட்டு மரபில் சூரிய தேவன் முழங்காலை நோக்கி எழும் பூட்ஸ் அணிந்து நிற்கிறான். நம் தென்னாட்டுக் கோயில்களிலோ அவன் வெறுங்காலோடு நிற்கிறான். மத்திய ஆசியாவிலிருந்து வந்த குதிரை வீரர்களின் உடை வடநாட்டுச் சிற்பத்தில் புகுந்ததன் விளைவு இது. மதுராவுக்கு அருகில் கிடைத்த, தலையிழந்த கனிஷ்கர் சிலையிலும் கனத்த பூட்ஸைக் காண்கிறோம். பூட்ஸ் என்பது ஆதியில் குதிரை ஏறுவோருக்குரிய பொருள்.

பூட்ஸின் குதி உயர்ந்ததும் குதிரையாலேயே ஆகும். சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைத்து, எழுந்து நின்று அம்பெய்யும் வீரனுக்குக் கால் வழுகிவிடலாகாது. பாரசீகக் குதிரை வீரர் காலணியின் பின்புறத்தை உயர்த்தித் தைத்தது இதற்காகவே. குதி அங்கவடியில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். 1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அக்காலத்தை ஒட்டி ஐரோப்பியப் பிரபுக்களிடையே குதி உயர்ந்த காலணி நாகரிகமாகப் பரவியது. பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னர் குதியைச் செந்நிறமாக்கி, அதை அரசவை மதிப்பின் சின்னமாக்கினார். குதிரைமேல் வேலைக்காக எழுந்த குதி, அரண்மனையில் வேலை செய்யாதவரின் அடையாளமாயிற்று.

அதைத் தாழ்த்திய பெருமையில் ஒரு பங்கு வெலிங்டன் பிரபுவுக்கு உண்டு. அவர் கொல்கத்தாவுக்கு அந்நியரல்லர். பின்னாளில் ஆர்தர் வெல்லஸ்லி எனப் பெயர் வழங்கிய அவர் 1797இல் தம் படைப்பிரிவுடன் இந்நகரில் வந்து இறங்கினார். அவருடைய தமையனார் 1798 முதல் 1805 வரை இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்தார். இன்று ரஃபி அகமது கித்வாய் சாலை எனப்படும் வீதியை முதியோர் வெல்லஸ்லி தெரு என்றே சொல்வது அவர் நினைவால்தான். பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பிய தளபதி, லண்டனில் ஹோபி என்னும் காலணித் தொழிலாளரிடம், குஞ்சம் முதலிய அலங்காரங்களை நீக்கி, காலோடு ஒட்டி, ஏறத்தாழ ஓர் அங்குலக் குதியோடு மெல்லிய கன்றுத்தோலில் பூட்ஸ் தைத்துத் தரச் சொன்னார். 'வெலிங்டன்' என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவிற்று. அமெரிக்கக் குதிரைப்படையும் குடியேறிகளும் அதை மேற்கு நோக்கி எடுத்துச் சென்றார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. டெக்சஸ் மாகாணத்துப் புல்வெளிகளில் மாடுகள் பெருகிக் கிடந்தன. அவற்றை வாங்குவோர் கிழக்கு நகரங்களில் இருந்தனர். 1867 முதல் கான்சஸ் மாகாணத்து அபிலீன் என்னும் ரயில் நிலையத்துக்கு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவரும் தொழில் தொடங்கிற்று. கௌபாய் என்பவன் அத்தொழிலுக்கு அமர்த்தப்பட்ட கூலியாள். அவர்களுள் கறுப்பினத்தவரும் மெக்சிகோ நாட்டவரும் ஏராளம். நாள்தோறும் பல மணி நேரம் சேணத்தில் இருப்பவனுக்கு வெலிங்டன் பூட்ஸ் போதவில்லை. ஆகவே கான்சஸிலும் டெக்சஸிலும் இருந்த தொழிலாளர்கள் அதை மாற்றி அமைத்தார்கள். முள்ளும் பாம்பும் தீண்டாமல் தண்டு உயர்ந்தது. அங்கவடியில் எளிதாக நுழைய முனை ஒடுங்கிற்று. குதி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து உட்புறம் சாய்ந்தது. கயிற்று முடிச்சு இல்லை. இழுத்து அணிவதற்கு இரண்டு பட்டைகள் மட்டுமே உண்டு. குதிரையிலிருந்து விழுந்தவனின் கால் அங்கவடியில் சிக்கினால், பூட்ஸ் கழன்று உயிர் தப்பவேண்டும் என்பதே அதன் காரணம். ஜஸ்டின் என்பவர் 1879இல் டெக்சஸில் தொடங்கிய சிறு பட்டறை இவ்வகையில் புகழ்பெற்றது.

ஆனால் திறந்த புல்வெளி நெடுநாள் நிலைக்கவில்லை. 1874இல் முள்கம்பிக்குப் புதிய காப்புரிமை பதிவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வேலிகள் எங்கும் எழுந்தன. மந்தை ஓட்டியவன் குதிரையிலிருந்து இறங்கிக் குழி தோண்டவும், கம்பம் நடவும், கம்பி இழுக்கவும், வைக்கோல் சுமக்கவும் வேண்டியவன் ஆனான். உயர்ந்த சாய்குதி இவ்வேலைகளுக்குத் தடையாயிற்று. கன்றுக்குட்டியைச் சுருக்குக் கயிற்றால் பிடிக்கும் போட்டியில், வீரன் குதிரையிலிருந்து குதித்து ஓடிக் கன்றைக் கீழே சாய்க்கவேண்டும். உயர்ந்த குதியோடு எப்படி ஓடுவது? எனவே குதி ஓர் அங்குலமாகத் தாழ்ந்து, அகன்று, நேராயிற்று, தண்டு குட்டையாயிற்று, முனை உருண்டது. கயிறு வீசுவோருக்குரியதாகையால் அதை 'ரோப்பர்' என்கிறார்கள். சேணத்தில் இருப்பவனுக்குக் குதி உயர்ந்தது. இறங்கி உழைப்பவனுக்குக் குதி தாழ்ந்தது. வேலையே அளவுகோல்.

இத்தாழ்ந்த குதியின் சுகம் எங்கிருந்து வருகிறது? குதி உயர உயர உடலின் பாரம் முன்பாதத்துக்குச் சாய்கிறது, விரல்கள் நெருங்குகின்றன, கெண்டைக்காலின் நரம்பு குறுகி இழுக்கிறது. அகன்று தாழ்ந்த குதியில் பாரம் முன்னும் பின்னும் பரவுகிறது. கணுக்கால் எளிதில் புரள்வதில்லை. முற்றிலும் தட்டையாக விட்டுவிடாமல் ஓர் அங்குலம் வைப்பதற்கும் நியாயம் உண்டு. ஏணிப்படியில் அது மாட்டிக்கொள்ளும்; சேற்றுச் சரிவில் ஊன்றி நிற்கும். உள்ளடிக்கும் வெளியடிக்கும் நடுவே, பாதத்தின் வளைவுக்கு நேராக ஒரு சிறு எஃகுப் பட்டை வைக்கப்படுகிறது. மண்வெட்டியைக் காலால் அழுத்துபவனுக்கும் ஏணியில் நெடுநேரம் நிற்பவனுக்கும் அதுவே துணை. வெளியடியைத் தோல்விளிம்பு வைத்துத் தைத்திருந்தால், தேய்ந்தபின் மேல்பாகத்தைக் கெடுக்காமல் அடியை மட்டும் மாற்றலாம்.

வாங்குவோர் அறியவேண்டியவையும் சில உண்டு. முடிச்சு இல்லாத பூட்ஸைப் பாதத்தின் மேல்முதுகே பிடித்து நிறுத்துகிறது. ஆகவே அவ்விடம் இறுக்கமாகவும், விரல்கள் தளர்வாகவும் இருக்கவேண்டும். புதிதில் குதிகால் சிறிது வழுகினால் அஞ்சவேண்டா. அடித்தோல் வளையப் பழகியதும் அது குறையும். மாலையில் கால் சற்றே பருத்திருக்கும்போது அளவு பார்ப்பது நலம். கொல்கத்தாவின் ஆடிமாத மழையில் நனைந்துவிட்டால், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவேண்டும். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்.

இனி இந்நகரின் கதைக்கு வருவோம். கல்கத்தா என வழங்கி 2001 முதல் கொல்கத்தா ஆகியிருக்கும் இவ்வூரில், பூட்ஸ் முதலில் ஆள்வோரின் காலில் வந்தது. அரசாங்கக் கூடங்களில் இந்தியர் தம் மிதியடியை வாயிலில் விட்டுச் செல்லவேண்டியிருந்தது. 1854இல் பிறந்த உத்தரவு, மேனாட்டு முறையில் பூட்ஸ் அணிந்து வரும் இந்தியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. தோலைத் தைத்த விதத்தால் மனிதனின் மரியாதை நிர்ணயிக்கப்பட்ட காலம் அது. 1911 ஜூலை 29ஆம் நாள் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்றதே, அன்று நம்மவர் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த கால்களை வெறுங்கால்கள் வென்ற அந்த நாளை வங்காளம் இன்றும் கொண்டாடுகிறது.

ஆள்வோரின் பூட்ஸைத் தைத்தவர் யார்? பெரும்பாலும் குடியேறி வந்தவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் ஆச்சியூ என்னும் சீனர், வாரன் ஹேஸ்டிங்ஸ் அளித்த நிலத்தில், பஜ்பஜ் அருகே கரும்பாலை நிறுவினார். ஆச்சிபூர் என்னும் ஊர்ப்பெயர் அவரால் வந்தது. அவருக்குப்பின் வந்த சீனருள் ஹக்கா மொழி பேசுவோர் தோல் தொழிலில் இறங்கினார்கள். கசாய்டோலா எனப்பட்ட பழைய தெரு பெண்டிங்க் தெருவாயிற்று. அதன் இருமருங்கும் சீனர் காலணிக் கடைகள் நிறைந்தன. வாடிக்கையாளரின் பாதத்தைத் தாளில் வரைந்து, அதற்கேற்ற மர அச்சில் தோலை இழுத்துத் தைத்துத் தருவார்கள். ஏறத்தாழ 1910 முதல் நகரின் கீழ்ப்புறத்துச் சதுப்பு நிலமான டாங்ராவில் அவர்களுடைய தோல் பதனிடும் சாலைகள் எழுந்தன. சாதி இந்துக்கள் தீண்டத் தயங்கிய தொழில் இது. சாலைகளின் உள்ளே சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களுள் பீகாரிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மிகுதி. வீட்டை விட்டு வந்தவனுக்கு, உள்ளூரார் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை கிடைக்கிறது. பிற மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

நம் தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் உரிய இடம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோல், சென்னைப் பெரியமேட்டுச் சந்தை வழியாகச் சீமைக்குப் போயிற்று. மரப்பட்டையில் ஊறிப் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பினால் விரைவில் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பதிவாயிற்று. ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1903ஐ ஒட்டிச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அதைச் சோதித்தார். நீரைத் தாங்கும் அத்தோலில், கிணற்றுக் கவலைக்குரிய சால்களையும் காலணிகளையும் செய்வித்தார். பின்னர்ப் பல்லாவரத்துக்கு அருகில் எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்னும் பெயரே உண்டாயிற்று. மேல்பாகத்துக்குக் குரோமியத் தோல், அடிக்குப் பட்டைத் தோல் என்பது நல்ல வேலை பூட்ஸின் இலக்கணம். இவ்வறிவை வளர்க்கக் கொல்கத்தாவில் 1919இல் தோல் பதனிடும் கல்விக்கூடமும், சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றின.

கையால் தைத்த பூட்ஸ் ஏழைக்கு எட்டாதது. அதன் விலையைக் குறைத்தது யந்திரம். செக்கோஸ்லோவாகியா தேசத்தவரான தாமஸ் பாட்டாவின் நிறுவனம் 1931இல் இந்தியாவில் பதிவு பெற்று, ஹூக்ளிக் கரையில் கொன்னகரில் வேலை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அவர் விமான விபத்தில் மாண்டார். ஆயினும் பணி நிற்கவில்லை. 1934 அக்டோபரில் ஆற்றின் மறுகரையில் நங்கி என்னும் சிற்றூருக்கு அருகே அடிக்கல் நாட்டப்பட்டது, பாட்டாநகர் எழுந்தது. துர்கா பூஜை வந்தால் புதிய காலணி வேண்டும் என்று வங்காளிக் குடும்பங்களை நினைக்கவைத்தது அந்நிறுவனத்தின் விளம்பரமே. ரப்பர் அடி பூண்ட மலிவான காலணியும் பூட்ஸும் தொழிலாளியின் கைக்கு எட்டத் தொடங்கின.

சட்டமும் மெல்லத் துணைக்கு வந்தது. இராணிகஞ்சு, ஜாரியா முதலிய வயல்களில் நிலக்கரி வெட்டுவோர், அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் காலணி இல்லாமல் சுரங்கத்தில் இறங்கலாகாது என்று 1957ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. தோல் பாதுகாப்பு பூட்ஸுக்கு இந்தியத் தர நிர்ணயமும் வகுக்கப்பட்டது. விரல்களின்மேல் எஃகுக் கவசம் கொண்ட, குதி தாழ்ந்த பூட்ஸ் அது. இரும்பு உருக்கும் பட்டறைகளில் முடிச்சில்லாமல் இழுத்து அணியும் வகையை விரும்புவார்கள். தீக்குழம்பு உள்ளே தெறித்தால் நொடியில் உதறிக் கழற்றலாம் அல்லவா? கௌபாயின் உயிரைக் காத்த அதே சூட்சுமம் இங்கே வார்ப்படத் தொழிலாளியைக் காக்கிறது.

இத்தொழிலை வளர்த்தவர்களின் வாழ்வு சுகமாக முடியவில்லை. 1962இல் சீனாவோடு போர் மூண்டதும், இந்நாட்டிலேயே பிறந்த சீனர் பலர் ஐயத்துக்கு ஆளாயினர். அஸ்ஸாம், வட வங்காளப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொல்கத்தாவில் இருந்தோர்மீதும் கட்டுப்பாடுகள் விழுந்தன. அதன்பின் கனடா முதலிய நாடுகளுக்குப் போனவர் பலர். டாங்ராவின் கழிவுநீர் நகரின் கீழ்ப்புறத்தைக் கெடுத்ததும் உண்மை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அங்குள்ள பதனிடும் சாலைகளை நகரை விட்டு வெளியேறச் சொல்லிற்று. பான்டலாவில் புதிய தோல் தொழில் வளாகம் அமைந்தது. பெண்டிங்க் தெருவில் இன்று எஞ்சியிருக்கும் சீனர் கடைகள் சிலவே.

2007ஆம் ஆண்டில் வெளியான ஒரு செய்தியை நாம் எல்லோரும் நினைவிற் கொள்ளவேண்டும். நியூயார்க் நகரத்துச் சாலைகளில் பதிக்கும் இரும்பு மூடிகள், ஹௌராவிலுள்ள ஒரு வார்ப்படச் சாலையில் வெறுங்காலோடு நிற்கும் தொழிலாளர்களால் வார்க்கப்படுகின்றன என்று 'நியூயார்க் டைம்ஸ்' படங்களோடு வெளியிட்டது. அதன்பிறகே, மூடிகளை வாங்கிவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் ஒப்பந்தங்களில் பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்ப்பதாக அறிவித்தது. ஆற்றின் ஒரு கரையில் காலணிக்கென்றே ஒரு நகரம் எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும், மறுகரையில் கொதிக்கும் இரும்பின் முன் வெறும் பாதம் நின்றது.

குதி தாழ்ந்த பூட்ஸின் சரித்திரம் நமக்குச் சொல்வது இதுதான். ஒரு பொருளின் சிறப்பை அதை அணிபவனின் அந்தஸ்தைக் கொண்டு அளப்பது பழைய வழக்கம்; அது செய்யும் காரியத்தைக் கொண்டு அளப்பதே அறிவுடைமை. நம் குடியிருப்புகளில் கட்டட வேலை நடக்கும்போதும், சாக்கடை திறக்கப்படும்போதும், சுமை இறங்கும்போதும், உழைப்பவரின் பாதத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். கூலியோடு காலுக்குக் காப்பும் பேசி முடிக்கவேண்டும். தோல் தொட்டியில் கை நனைத்தவரைத் தாழ்வாக எண்ணும் எண்ணத்தை நம் பிள்ளைகளிடம் ஒட்டவிடாமல் காக்கவேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பால் தலைநிமிர்ந்த நமக்கு இக்கடமை மற்றவரைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே உண்டு.